பொடிசுக்கு என்ன பொம்மை வாங்கலாம்

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே நான் நலம். அங்கே நீங்கள் மூன்று பேரும் நன்றாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. உங்கள் கடிதம் நேற்று வந்தது. இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று தபால்காரர் கேட்டுவிட்டுத்தான் கையில் கொடுத்தார். என் இருமல் போய்விட்டது. பல்செட் செய்யும் கூடத்தில் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. இந்த ஊரில் பாதிப் பேர் நான் செய்த பல்லால்தான் சிரிக்கிறார்கள். எனக்குத்தான் சிரிக்க ஒன்றும் அகப்படவில்லை.

போனில் பேச முடியாததற்கு மன்னிப்பெல்லாம் கேட்டிருந்தீர்கள். நீங்கள் எதற்குக் கேட்க வேண்டும்? வேண்டாம் என்றது அண்ணன். கடைசியாக வீடியோவில் பேசி முடித்ததும் பொடிசு போனைத் திருப்பி அதன் முதுகைப் பார்த்தாளாம், உலுக்கினாளாம், சோபாவுக்கு அடியில் படுத்துத் தேடினாளாம், அப்புறம் அழுகையை நிறுத்தவே முடியவில்லையாம். “நீ பேசப் பேச அவ இங்க ஒட்டவே மாட்டேங்கறா, கொஞ்ச நாள் விடு” என்றான். விட்டேன். அவன் பிள்ளை, அவன் சொல்கிறான். கோபம் வந்தது, இப்போதும் இருக்கிறது. அவனிடம் சொன்னாலும் சரி.

நீங்கள் பொம்மை பற்றிக் கேட்டீர்கள். எதை வாங்கினால் விளையாடுவாள், எது மூளை வளர்ச்சிக்கு நல்லது, இரண்டரை வயதுக்கு எது சரி என்று. வாங்கி வைத்திருப்பதையும் எழுதியிருந்தீர்கள். எழுத்துப் பலகை, எண் பலகை, நிறம் பிரித்து அடுக்கும் வளையம், பொத்தானை அமுக்கினால் மிருகமெல்லாம் கத்துகிற பெட்டி, தானே பாடித் தானே கதை சொல்லும் கரடி. பள்ளிக்கூடத்தையே வீட்டுக்குள் கொண்டு வந்துவிட்டீர்கள், மணி அடிக்க ஒரு ஆள் போட வேண்டியதுதான் பாக்கி. கோபித்துக்கொள்ளாதீர்கள். நானும் அட்டையில் அறிவு வளர்ச்சி என்று போட்டிருந்தால் வாங்கிவிடுகிற ஆள்தான். அவள் பொம்மையைத் தூக்கி எறிந்துவிட்டு அட்டைப் பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொள்வாள்.

அண்ணி, அதில் பாதியைத் தூக்கிப் பரணில் போடுங்கள். கண்ணெதிரே இரண்டு மூன்று இருந்தால் போதும். கடை பரப்பினதுபோல் கிடந்தால் அவள் எதையும் தொடமாட்டாள், பெரியவர்களுக்கே அப்படித்தானே. அந்தக் கரடியை முதலில் எடுத்து வையுங்கள். எல்லாவற்றையும் கரடியே பேசிவிட்டால் அவள் என்ன பேசுவாள்? மூடி போட்ட டப்பாக்கள் நாலைந்து கொடுங்கள், மூடி மாற்றி மாற்றிப் போட்டு ஒரு மணி நேரம் ஓட்டுவாள். எதைக் கொடுத்தாலும் அவள் வாயில் அடங்குமா என்று மட்டும் பாருங்கள். அடங்கினால் போடத்தான் செய்வாள். வாய் விஷயத்தில் என்னை நம்பலாம், எனக்கு அதுதான் பிழைப்பு.

இதெல்லாம் சரி. ஆனால் உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தியைப் படித்தபோதுதான் எனக்குக் கை ஓடவில்லை. சாயங்காலம் ஆனதும் செருப்பைக் கால் மாற்றி மாட்டிக்கொண்டு வாசல் கதவருகே போய் உட்கார்ந்துவிடுகிறாள், எந்தப் பொம்மையைக் காட்டினாலும் எழுந்து வருவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். வெளியே போகத்தான் ஆசைப்படுகிறாள் என்று பார்க்குக்குத் தூக்கிக்கொண்டு போனால் அதற்கும் கத்துகிறாளாம். “எனக்கு ஒண்ணும் புரியல, எந்தப் பொம்மைக்கு மசிவா சொல்லுங்க” என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவள் வெளியே போக உட்காரவில்லை, அண்ணி. அது நான் வேலை முடிந்து வீட்டுக்கு வருகிற நேரம்.

அவளைத் துணியில் சுற்றி ஆஸ்பத்திரியில் என் கையில் கொடுத்தார்கள். பெற்றவள் அங்கிருந்து வீடு திரும்பவில்லை, அண்ணனுக்கு வெளியூரில் வேலை, இதெல்லாம் கல்யாணத்துக்கு முன்பே உங்களுக்குச் சொல்லியிருப்பான். கீழ்வீட்டு அக்கா பகலில் பார்த்துக்கொள்வதாகச் சொன்னதால்தான் நான் வேலையை விடாமல் இருந்தேன். ஆனால் தவழத் தொடங்கிய பிறகு நான் படியிறங்கினாலே ஊரைக் கூட்டிவிடுவாள். மூச்சு நின்று முகம் நீலமாகும். தடுப்பூசி போடும் நர்ஸ்தான் சொன்னாள்: “ஒளிஞ்சு விளையாடுங்க. கண்ணுக்கு மறைஞ்சா இல்லாமப் போயிடுச்சுன்னு நெனைக்கற வயசு இது. மறைஞ்சது திரும்பி வரும்னு பழக்குங்க.”

அப்படித்தான் பழக்கினேன். முதலில் பந்தின் மேல் துணியைப் போட்டேன். துணியை இழுத்துப் பார்த்தாள், பந்து இருந்தது, அவளுக்கு வந்த சிரிப்பைப் பார்க்க வேண்டுமே. பிறகு ஒரு பெட்டி செய்தேன். மேலே ஓட்டை, கீழே இழுக்கிற அறை. பந்தை மேலே போட்டால் காணாமல் போகும், அறையை இழுத்தால் வந்துவிடும். அதற்கப்புறம் பந்துக்குப் பதில் நான். கதவுக்குப் பின்னால் ஒளிவேன், வருவேன். சமையலறையில் ஒளிவேன், வருவேன். கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தை நீட்டினேன். கடைசியில் நான் வேலைக்குக் கிளம்பினால் கையை ஆட்டினாள். சாயங்காலம் கதவருகே உட்கார்ந்து காத்திருப்பாள். நான் நுழைந்ததும் கை தட்டுவாள். அழுகை கிடையாது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன், கூடத்தில் எல்லாரிடமும் பெருமை பேசினேன்.

அந்தப் பாடத்தை அவள் நன்றாகப் படித்துவிட்டாள். அதனால்தான் போனுக்குப் பின்னாலும் சோபாவுக்கு அடியிலும் தேடுகிறாள்.

சரி, என்ன செய்வது என்று கேட்டீர்கள், சொல்கிறேன். அந்தப் பெட்டியைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். கூடவே ஒரு பெரிய பல்செட் இருக்கும், பயந்துவிடாதீர்கள். பல் தேய்க்கச் சொல்லிக்கொடுக்க வைத்திருந்த மாதிரி அது, என் முழங்கை நீளம். அதன் வாயைத் திறந்து சோறு ஊட்டுவாள், தேய்த்துவிடுவாள், “துப்பு” என்று அதட்டுவாள். கல்யாணம் முடிந்து அவளை அங்கே கூட்டிக்கொண்டு போன அன்று, பெண்பிள்ளை விளையாடுகிற சாமானா இது என்று அண்ணன் இங்கேயே விட்டுவிட்டுப் போனான். அவளுக்கு அதைவிடப் பிடித்தது ஒன்றும் கிடையாது. நீங்கள் தரையில் உட்கார்ந்து பெட்டியில் பந்தைப் போடுங்கள், அவளைக் கூப்பிடாதீர்கள், அவளே வருவாள். பிறகு நீங்கள் ஒளியுங்கள். திரைக்குப் பின்னால், கதவுக்குப் பின்னால், எங்கேயாவது. ஒவ்வொரு தடவையும் வந்துவிடுங்கள். காணாமல் போனால் திரும்பி வருகிற ஆள் நீங்கள் என்று அவளுக்குப் பதிய வேண்டும்.

இவ்வளவும் செய்து பார்த்தும் அவள் ஒட்டவில்லை என்றால் அவளை இங்கே அனுப்பிவிடுங்கள். அவள் அலமாரியை நான் இன்னும் காலி செய்யவில்லை. இதை எழுதக்கூடாது என்று நினைத்துக்கொண்டே எழுதிவிட்டேன். அடித்துவிடலாம்தான், மனம் வரவில்லை. அண்ணனிடம் இந்தப் பக்கத்தைக் காட்டினாலும் சரி, கிழித்துப் போட்டாலும் சரி.

உங்களுக்கும் சின்ன வயது, கல்யாணமாகி வந்ததுமே கையில் ஒரு பிள்ளை, அதுவும் உங்களைப் பார்க்காமல் கதவைப் பார்க்கிற பிள்ளை. உங்கள் கஷ்டம் எனக்குப் புரியாமல் இல்லை. நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
பொடிசின் அத்தை


அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் பதில் வந்து சில நாள் ஆகிவிட்டது. உடனே எழுத முடியவில்லை. வேலை என்று சொல்லலாம், ஆனால் அது பொய்.

மாடிப்படியில் நின்றுகொண்டே படித்தேன். நீங்கள் திரைக்குப் பின்னால் ஒளிந்து நின்ற கதையைப் படித்துச் சிரிப்பு வந்துவிட்டது. “நின்னேன் நின்னேன், கால் மரத்துப் போச்சு, ஒருத்தரும் தேடி வரல” என்று எழுதியிருந்தீர்களே, அந்த இடத்தில் சிரித்துக்கொண்டிருந்தவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். பாவம் நீங்கள். யாரும் தேடாமல் திரைக்குப் பின்னால் நிற்பது எவ்வளவு பெரிய வேதனை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் விடாமல் தினமும் ஒளிந்திருக்கிறீர்கள். என் அண்ணனுக்கு நல்ல பெண்தான் வாய்த்திருக்கிறாள் என்று அன்றைக்குத்தான் மனதாரச் சொன்னேன். அதற்கு முன் வாயால்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் அந்தக் குளியலறைச் சமாசாரம். நீங்கள் குளிக்கப் போய்க் கதவைச் சாத்தியதும் வெளியே யாரோ தட்டுகிற சத்தம் கேட்டதாம், அண்ணன் என்று நினைத்தீர்களாம், திறந்தால் பொடிசு பல்செட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாளாம். உங்களைப் பார்த்ததும் கை தட்டினாளாம். தலையில் சோப்போடு அவளைத் தூக்கிக்கொண்டு அழுதேன் என்று எழுதியிருக்கிறீர்கள்.

அந்தப் பத்தியை எத்தனை முறை படித்தேன் என்று சொல்லமாட்டேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறுநாள் கூடத்தில் கண் ஏன் சிவந்திருக்கிறது என்று கேட்டார்கள். பல் அச்சு வார்க்கிற மாவின் தூசி என்றேன். இத்தனை வருஷமாக விழாத தூசி.

கூப்பிட ஒரு சொல் இல்லாமல் அவள் கதவைத் தட்டினாள் என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். உங்களை என்னவென்று கூப்பிடப் பழக்குவது என்று கேட்கத் தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறீர்கள். அம்மா என்று பழக்குங்கள். அந்தச் சொல்லை நான் எடுத்துக்கொள்ளவில்லை. கீழ்வீட்டு அக்கா எத்தனையோ தரம் சொன்னாள், “வளக்கறவ நீதானே, அம்மான்னே கூப்பிடச் சொல்லேன்” என்று. ஆசை இல்லாமலா இருக்கும்? ஒரு நாள் காய்ச்சலில் அவளாகவே அப்படிக் கூப்பிட்டுவிட்டாள். அத்தைடா, அத்தை, என்று திருத்தினேன். அண்ணன் என்றைக்காவது ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு வருவான், அவளுக்கு ஒன்றாவது புதிதாக இருக்கட்டும் என்று வைத்திருந்தேன். எடுத்துக்கொள்ளுங்கள். அது உங்களுடையது.

மூன்றாம் பிறந்தநாளுக்கு என்ன வாங்குவது என்று கேட்டிருந்தீர்கள். இனிமேல் அவள் பாவனை விளையாட்டில் இறங்குவாள். ஒரு துணிப் பொம்மை, அதற்கு ஒரு குட்டிப் படுக்கை, சின்னச் சின்னச் சட்டி கரண்டி. அவள் கைக்குத் தடிமனான வண்ணக் குச்சிகள், சுவர் போனால் போகட்டும், அண்ணன் திட்டினால் என் பெயரைச் சொல்லுங்கள். பொம்மை நீங்கள் பேசுவதுபோலவே பேசும், கவனித்துப் பாருங்கள். அவள் அதை என்ன சொல்லி அதட்டுகிறாளோ அதுதான் உங்கள் வீட்டுப் பேச்சு. எண் பலகையெல்லாம் தானாக வரும், அவசரம் ஒன்றும் இல்லை. ஒளிந்து விளையாடும் பெட்டியை மட்டும் இனி எடுத்து வைத்துவிடுங்கள். அதன் வேலை முடிந்தது.

பிறந்தநாளுக்கு என்னை வரச் சொல்லியிருக்கிறீர்கள். அண்ணனே சொன்னான் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவன் சொல்லாமல் நீங்களாகச் சேர்த்திருந்தாலும் எனக்கு வருத்தமில்லை. கடிதம் வந்த அன்றே லீவு கேட்டுவிட்டேன். பரணிலிருந்து பயணப் பெட்டியை இறக்கித் துடைத்தேன். இரண்டு சட்டை வாங்கினேன், வளர்ந்திருப்பாள் என்று ஒரு அளவு கூட்டியே வாங்கினேன்.

பிறகு யோசித்தேன். இப்போதும் சில சாயங்காலம் கதவுப் பக்கம் போய் நின்றுவிட்டுத் திரும்பி வருகிறாள் என்று எழுதியிருந்தீர்கள் அல்லவா. அந்தக் கதவு வழியாக நான் நுழைந்தால் என்ன ஆகும்? கை தட்டுவாள். தான் நினைத்தது சரிதான், காத்திருந்தால் அத்தை வருவாள் என்று அவளுக்கு ஆகிவிடும். இரண்டு நாளில் நான் கிளம்ப வேண்டும். நான் போன மறுநாளிலிருந்து மறுபடியும் செருப்பை மாட்டிக்கொண்டு உட்காருவாள், அப்போது நீங்கள் குளியலறையில் எவ்வளவு நேரம் இருந்தாலும் கதவைத் தட்டமாட்டாள். நீங்கள் இத்தனை நாள் திரைக்குப் பின்னால் நின்றதெல்லாம் வீணாகிவிடும். எனக்கு அவளைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது என்பதற்காக அதைச் செய்ய முடியாது. லீவு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சட்டைகளை இத்துடன் அனுப்புகிறேன். யார் கொடுத்தது என்று அவளிடம் சொல்ல வேண்டாம்.

போன கடிதத்தின் கடைசியில் ஒன்று எழுதியிருந்தேன், அவளை அனுப்பிவிடச் சொல்லி. நீங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை. அதற்கு நன்றி.

அவள் நன்றாக வளர வேண்டும். உங்கள் மடியில் வளர வேண்டும். உங்களுக்கு ஒரு பிள்ளை பிறந்தாலும் அவளை மூத்தவள் என்றே சொல்லுங்கள், அது எனக்குப் போதும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், அண்ணி, மறுக்கக் கூடாது. எப்போதாவது என் படத்தை அவளிடம் காட்டிப் பாருங்கள். இப்போது வேண்டாம், நாள் போகட்டும். ஒரு நாள் யாரோ ஒருத்தியைப் பார்ப்பதுபோல் பார்ப்பாள். வீட்டுக்குப் புது ஆள் வந்தால் குழந்தைகள் செய்வதுபோல, உங்கள் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வாள். அன்றைக்கு எனக்கு எழுதுங்கள். அடுத்த வண்டிக்கே வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்