முப்பத்திரண்டாவது வாரத்து டயர்

மார்ச் 3, ஞாயிறு

இன்றும் அதே கூத்து. விடிவதற்குள் கிளம்பி, எழுபது கிலோமீட்டர் போய், டீக்கடை வாசலில் பைக்குகளை வரிசையாக நிறுத்திவிட்டு எட்டு பேரும் வண்டியைப் பற்றிப் பேசினோம். எதிரில் நிற்கும் வண்டியைப் பற்றி அல்ல, அவரவர் வீட்டில் நிற்கும் இன்னொரு வண்டியைப் பற்றி. பல் டாக்டருக்கு இரண்டு. எனக்கும் இரண்டு. அக்கா புருஷனுக்கு மூன்று இருந்தது, இந்த வாரத்திலிருந்து நான்கு.

இந்தக் குழுவை ஆரம்பித்தது நானும் டாக்டரும். அக்காவைக் கட்டினவர் என்று நான்தான் அவரைக் கூட்டிவந்தேன். இப்போது அவர் தலைவர். நான் வேடிக்கைப் பொருள்.

"பின்னாடி என்ன டயர் இது, கட்டை கட்டையா? வயல் உழப் போறியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். டாக்டரும் சிரித்தார். அவர் போட்டிருப்பதும் அதே டயர்தான்!

பிறகு, பழசாக வாங்கிய அந்த நான்காவது வண்டியின் பெருமை. "எட்டு வருஷம் ஷெட்டுல துணி போத்தி வெச்சிருந்தான் மனுஷன். டயரப் பாருங்க, முடி கூட உதிரல." புது டயரில் ரப்பர் முடி நீட்டிக்கொண்டிருக்கும், அதைச் சொல்கிறார். குனிந்து பார்த்தேன். முடி இருந்தது. பக்கச் சுவரில் சின்னதாக நான்கிலக்க எண்ணும் இருந்தது: 3214. 2014இல் முப்பத்திரண்டாவது வாரம் செய்த டயர். பத்து வயது. விளிம்போரம் குதிகால் வெடிப்பு மாதிரி கோடுகள்.

நிமிர்ந்தேன்.

"என்ன, கண்ணு வெக்கிறியா?" என்றார். மறுபடியும் சிரிப்பு.

"நல்லா இருக்கு அத்தான்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

மார்ச் 5, செவ்வாய்

சொல்லியிருக்கலாம்.

ஏன் சொல்லணும்? போன வருஷம் அவர் வண்டியில் செயின் தளர்ந்திருக்கிறது என்று சொன்னேன். சாப்பாட்டு மேசையில் அக்கா மாமியார் முன்னால், "மச்சினிக்கு வயித்தெரிச்சல், என் வண்டியில ஏதாவது குறை இருந்தே ஆகணும்" என்றார். இரண்டு வாரம் கழித்துச் செயின் அறுந்தது. அதைப் பற்றி எந்த மேசையிலும் பேச்சில்லை.

விழட்டும். ஒரு தடவை விழுந்தால்தான் அந்த வாய் அடங்கும்.

எழுதிவிட்டேன். கோடு போட்டு அடிக்கப்போவதில்லை. எனக்குள் இருப்பது இதுதான் என்றால் இருக்கட்டும்.

மார்ச் 9, சனி

நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தேன். கை முழுக்க வெள்ளைக் குழம்பு. அக்கா வந்து நின்றாள். கண்ணாடியின் காது தளர்ந்துவிட்டதாம். ஹெல்மெட்டுக்குள் நழுவுகிறதாம்.

"உனக்கு எதுக்குடி ஹெல்மெட்?"

"அடுத்த சனிக்கிழமை மலைக்குப் போறோம். மூணு நாள். பதினாலு வருஷக் கல்யாணத்துல முதல் தடவையா அவராவே கூப்பிட்டிருக்காரு." முகம் அப்படி மலர்ந்திருந்தது.

"எந்த வண்டியில?"

"புதுசுலதான்."

இயந்திரத்தை அணைத்தேன். டயரைப் பற்றிச் சொன்னேன். எண், வெடிப்பு, காய்ந்த ரப்பர், மலையில் மழை என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"போன வாரம் நல்லா இருக்கு அத்தான்னு நீ சொன்னியாமே? வீட்டுல சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டாரு. அப்ப நல்லா இருந்தது, நான் போறேன்னதும் கெட்டுப்போச்சா?"

உன் புருஷன் விழட்டும்னு இருந்தேன், நீயும் பின்னாடி உக்காருவேன்னு தெரியாதுன்னு சொல்லவா?

கண்ணாடியைச் சரிசெய்து கொடுத்தேன்.

மார்ச் 10, ஞாயிறு

அவரிடம் நேராகச் சொன்னேன். எல்லோர் முன்னாலும் சொன்னதுதான் தப்பு. தனியாகக் கூப்பிட்டிருக்க வேண்டும். ஆனால் தனியாக அவர் முகத்தைப் பார்த்து நிற்க எனக்கு முடியாது.

"பழசுதான். ஓடினது ஆயிரம் கிலோமீட்டர்" என்றார்.

"ஓடாட்டியும் ரப்பர் காயும் அத்தான். ஈர ரோட்டுல பிடிக்காது. அக்காவக் கூட்டிட்டுப் போறீங்க."

"என் பொண்டாட்டிய எப்படிக் கூட்டிட்டுப் போகணும்னு உன்கிட்டப் படிக்கணுமா? உன் தையல் மிஷினப் பத்திரமா வீடு கொண்டுபோய்ச் சேரு, போ." என் வண்டிக்கு அவர் வைத்த பெயர் அது.

டாக்டர் டீக்கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார். ஆம்பிளை!

மார்ச் 12, செவ்வாய்

அக்காவுக்கு ஐந்து செய்தி அனுப்பினேன். ஒரே பதில். "போதும்டி."

மார்ச் 15, வெள்ளி

செய்துவிட்டேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

அரைநாள் விடுப்பு. மூன்று மணிக்கு அவர்கள் குடியிருப்புக்குப் போனேன். காவலாளிக்கு என்னைத் தெரியும், வணக்கம் வைத்தார். வண்டி நிறுத்துமிடத்தில் நான்கும் நின்றன, நான்காவதன் மேல் துணி. துணியை எடுத்து மடித்து வைத்தேன். பின் சக்கரத்தில் காற்றை இறக்கினேன். இரும்பறுக்கும் பிளேடு கொண்டுபோயிருந்தேன். இரண்டு இழுப்பில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். முடியவில்லை. விறகு மாதிரி இருந்தது ரப்பர். பதினைந்து நிமிடம் மண்டியிட்டு உட்கார்ந்து அறுத்தேன். வியர்வை கண்ணில் இறங்கியது. காவலாளி எட்டிப் பார்த்து, "பஞ்சரா மா?" என்றார். "ஆமாங்க" என்றேன்.

ஓடக் கூடாது என்று தோன்றியது. படிக்கட்டில் உட்கார்ந்தேன்.

ஐந்தரைக்கு அவர் வந்தார். சக்கரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் கையிலிருந்த பிளேடைப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. மாடியைப் பார்த்து அக்காவைக் கூப்பிட்டார். "வா, வந்து உன் தங்கச்சி லட்சணத்தப் பாரு."

அக்கா செருப்பில்லாமல் இறங்கி வந்தாள். மலைக்கு எடுத்துப்போகும் பையை அடுக்கிக்கொண்டிருந்தாள் போல, தோளில் ஒரு துண்டு தொங்கியது.

"எங்க வீட்டுல அப்படி என்னதான்டி உன் கண்ண உறுத்துது?" என்றாள். "கேட்டிருந்தா எதையும் குடுத்திருப்பேனே."

கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மார்ச் 16, சனி

குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். காலை 6.10க்கு. மலைப் பயணம் ஒரு வாரம் தள்ளிப்போயிருக்கிறது.

மார்ச் 19, செவ்வாய்

டயர் கடைக்காரர் கண்ணாடி வாங்க வந்தார். அக்கா புருஷன் இரண்டு சக்கரத்துக்கும் புதிது சொல்லியிருக்கிறாராம். வெள்ளி இரவு மாட்டி, சனி விடியலில் நேராக மலைக்கு.

"புது டயரு, மேல வழவழன்னு இருக்கும். நூறு கிலோமீட்டர் தேயற வரைக்கும் வளைவுல சாய்க்கக் கூடாது. சொல்லத்தான் போறேன். அவரு எங்க கேக்கறாரு?" என்றார்.

எனக்கும் தெரிந்த விஷயம்தான். வீட்டுக்கு வந்து போனை எடுத்தேன். அக்கா பெயரை அழுத்தினேன். மணி அடிப்பதற்குள் துண்டித்தேன். மறுபடியும் மூக்கறுபடவா? இத்தனை வருஷம் ஓட்டுகிறவருக்கு இது தெரியாதா?

தெரியும். நிச்சயம் தெரியும்.

மார்ச் 23, சனி

டாக்டர் போன் செய்தார். விழுந்துவிட்டார்கள்.

மார்ச் 24, ஞாயிறு

மலை வரை கூடப் போகவில்லை. நாற்பதாவது கிலோமீட்டர். வெயிலில் காய்ந்த, சுத்தமான ரோடு. சாதாரண வளைவு, பெரிய வேகமும் இல்லை. பின் சக்கரம் சோப்புக்கட்டி மாதிரி விலகியதாம். அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு. அக்காவுக்கு வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது. கம்பி வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பத்து வயது டயரில் போயிருந்தால் அந்த வளைவைத் தாண்டியிருப்பார்களோ? காய்ந்த ரோடுதானே. ராத்திரி முழுக்க இதே கேள்வி. மேலே மழையில் போயிருந்தால்? யார் சொல்ல முடியும்!

மருத்துவமனை வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலிகள். அக்கா புருஷனும் நானும் நடுவில் இரண்டை விட்டு உட்கார்ந்தோம். அவர் கேட்டார்.

"புது டயர் வழுக்கும்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப ஏன் சொல்லல?"

"உங்களுக்குத் தெரியாதா?"

அவர் தரையைப் பார்த்தார். "கடைக்காரன் சொன்னான். நான்தான், நீ சொல்ற மாதிரியே பேசுறானேன்னு..."

எனக்கு அந்த ஆளைப் பிடிக்காது. அப்போதும் பிடிக்கவில்லை. ஆனால் அந்த நிமிடம் என்னை அதைவிடப் பிடிக்கவில்லை.

அறைக்குள் போனேன். அக்கா விழித்திருந்தாள். நான் சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும். முதல் ஞாயிற்றுக்கிழமை தெரிந்தே வாய் திறக்காததையும், போனைத் துண்டித்ததையும். அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஏப்ரல் 4, வியாழன்

தினமும் காலை எட்டு மணிக்குப் போய் அவளுக்குத் தலை பின்னிவிடுகிறேன். இடது கையால் முடியாது, அவர் பின்னினால் அவிழ்ந்துவிடுகிறது. அவள் பேசுவதில்லை. இன்று மட்டும், "இறுக்காத" என்றாள்.

மே 12, ஞாயிறு

மாவுக்கட்டு பிரித்து ஒரு வாரமாகிறது. மணிக்கட்டு குச்சி மாதிரி இருக்கிறது, ஒரு ரப்பர் பந்தைப் பிசைந்துகொண்டே இருக்கிறாள். கைவிரல்கள் சிவக்கும் வரை.

தலை பின்னும்போது அவரும் அறையில் இருந்தார். அக்கா நிலைக்கண்ணாடியைப் பார்த்தபடியே பேசினாள்.

"அவரு ஒரு டயரச் சொன்னாரு. நீ ஒரு டயரச் சொன்னே. ரெண்டு பேருக்கும் ஜெயிக்கணும். பின்னாடி உக்காந்திருந்தது நான். இனிமே யார் பின்னாடியும் உக்கார மாட்டேன். எனக்கு ஓட்டக் கத்துக்குடுங்க."

அவர், "கை சரியாகட்டுமே..." என்று இழுத்தார்.

"உங்ககிட்டக் கை எப்ப சரியாகும்னு கேக்கல."

நான் சீப்பைக் கீழே வைத்தேன்.

ஜூன் 16, ஞாயிறு

பள்ளி மைதானம், காலை ஆறரை. என் சின்ன வண்டி. அவர் தன் காரில் அக்காவை அழைத்து வந்தார். எனக்கு வணக்கமும் இல்லை, முறைப்பும் இல்லை.

ஐந்து தடவை வண்டி அணைந்தது. ஆறாவது தடவை அவரும் நானும் ஒரே நேரத்தில், "கிளட்ச மெதுவா விடு" என்றோம். அவர் குரல் என் குரலை விட உயர்ந்தது, நான் இன்னும் உயர்த்தினேன். "முன்பக்க பிரேக்கத் தொடாதே" என்றார். "தொடலாம்" என்றேன். "யார் வண்டி இது?" என்றேன். "யார் பொண்டாட்டி?" என்றார்.

அக்கா வண்டியை நிறுத்தி, காலை ஊன்றி, ஹெல்மெட்டைக் கழற்றினாள். வியர்வையில் கண்ணாடி மூக்கு நுனியில் இருந்தது.

"ரெண்டு பேரும் அந்தச் சுவரண்ட போய் நில்லுங்க."

போய் நின்றோம். நடுவில் ஆறடி இடைவெளி.

அக்கா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். வண்டி குலுங்கியது, இருமியது, நகர்ந்தது. முதல் சுற்று முழுக்க ஒரே கியர், இயந்திரம் கதறியது. இரண்டாவது சுற்றும் அப்படியே. எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. அவருக்கும் வந்திருக்க வேண்டும், தாடை எலும்பு அசைவது தெரிந்தது. மூன்றாவது சுற்றில் கோல்கம்பத்தைத் தாண்டும்போது அவளாகவே கியர் மாற்றினாள்.

நாங்கள் இருவரும் வாயைத் திறக்கவில்லை.