ஹூரியாவின் பங்குப் பால்

ஜெல்ஃபா,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பின்.

அன்பு மகன் ஸுபைருக்கு உன் வாப்பா லக்தர் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையால் நானும் உன் உம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அந்தப் பனி தேசத்தில் நீயும் உன் வீட்டாரும் சுகமாயிருக்க வேண்டும் என்பதுதான் ஐந்து வேளையும் எங்கள் துஆ. இங்கே எல்லோரும் சுகம் என்று வழக்கம்போல எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை.

கைப்பேசி இருக்க இந்த மனுஷனுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். அந்தப் பொடி எழுத்து என் கண்ணுக்குப் பிடிபடாது, எனக்காகத் தட்டுவதும் படித்துச் சொல்வதும் உன் தங்கை ஹூரியாதான். அழைத்துப் பேசலாமென்றால் இந்த இரண்டு அறை வீட்டில் அவள் காதுக்கு எட்டாத பேச்சு கிடையாது. அதனால்தான் மாண்ட்ரியால் திரும்புகிற தாஹரின் மகன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

ஹூரியாவுக்குக் காய்ச்சல். நீ கொடுத்த கிட்னி வேலை செய்ய ஆரம்பித்து அவளுக்குச் சிறுநீர் போன அன்று, பெருநாள் பிறை கண்டவன்போல் நான் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நீ விமானம் ஏறின கொஞ்ச நாளில் அவளுக்கு அந்தியில் காய்ச்சல் வரத் தொடங்கியது, படுக்கை நனைகிற மாதிரி வேர்க்கும், காலையில் ஒன்றுமில்லாத மாதிரி எழுந்து உட்காருவாள், பிறகு மூட்டு மூட்டாய் வலி. உடம்பு கிட்னியைத் தள்ளுகிறதோ என்று தலைநகருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இரத்தத்தைச் சோதித்த டாக்டரம்மா இது நம் மேய்ப்பர்களுக்கு வருகிற ஆட்டுக் காய்ச்சல் என்றார், பச்சைப் பால் குடித்தாளா என்று கேட்டார். அவள் எங்கே குடித்தாள், கிட்னி கெட்டதிலிருந்து தண்ணீரையே அளந்து குடித்தவள், பால் பக்கம் போனதில்லை. அடுத்து உன்னைப் பற்றிக் கேட்டார். பெருநாளுக்கு நீ குடித்ததை நான்தான் சொன்னேன்.

உனக்கு நினைவிருக்கும். சோதனையெல்லாம் முடிந்து உடம்பு சுத்தம் என்று சொல்லி ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள், இடையில் பெருநாளுக்கு வீட்டுக்கு வந்தோம். தங்கைக்கு உறுப்பைக் கொடுக்க வந்த பிள்ளை என்று தெருவே பேரீச்சம்பழமும் பாலுமாக வாசலில் நின்றது. காய்ச்சின பால் நோயாளிக்கு, விருந்தாளிக்குக் கறந்த பால்தான், மாற்றிக் கொடுத்தால் கஞ்சன் என்பார்கள். நீயும் ஒரு வீட்டையும் மனம் நோக விடவில்லை. கதவு நிலையில் சாய்ந்து நின்ற ஹூரியா, "என் பங்கையும் சேத்து நீயே குடிச்சிடுண்ணே" என்றாள். நீ இன்னும் ஒரு கிண்ணம் குடித்தாய், எல்லோரும் சிரித்தோம், நான்தான் அதிகம் சிரித்தேன். ஆபரேஷனுக்கு முந்தின நாட்களில் நீ இரவில் வேர்த்துக் கிடந்தபோதும், குளிர் தேசத்துக்காரனுக்கு நம் வெயில் மறந்துபோச்சு என்று கேலிதான் பேசினோம். சோதனைதான் முடிந்துவிட்டதே என்று யாரும் அதை டாக்டரிடம் சொல்லவில்லை.

இந்தக் காய்ச்சலுக்கு நல்ல மருந்து இருக்கிறதாம். ஆனால் அது, உன் கிட்னியை அவள் உடம்பு தள்ளாமல் காக்கிற மருந்தின் பலத்தைத் தின்றுவிடுகிறதாம். முன்னே போனால் முட்டுது, பின்னே வந்தால் உதைக்குது. வாரா வாரம் இரத்தம் எடுத்து இதைக் கூட்டி அதைக் குறைத்துப் பார்க்கிறார்கள், நான் மருந்துப் பையைச் சுமந்துகொண்டு பின்னால் நடக்கிறேன். மலைப்பாதையில் பிரேக் பிடிக்காத பேருந்தைக்கூட மண்மேட்டில் ஏற்றி நிறுத்தியவன் நான், இதில் எதைப் பிடித்து நிறுத்துவது என்று தெரியவில்லை மகனே. எந்த வீட்டு ஆடு என்றும் தெரியாது. பக்கத்து வீட்டு மெஸவூதா இன்றைக்கும் விடிந்ததும் பிள்ளைக்கென்று கிண்ணத்தில் பால் கொண்டுவந்து அழுதுகொண்டு நிற்கிறாள், காய்ச்சிக் குடிக்கிறோம் என்று சொன்னதற்கே, தன் ஆட்டைச் சந்தேகப்படுகிறோம் என்று முகம் வாடிவிட்டது. அவளிடம் நான் என்ன சொல்ல?

இப்போது நீ செய்ய வேண்டியது. முதுகு வலி என்று உம்மாவிடம் சொன்னாயே, நாங்கள் தையல் வலி என்று நினைத்துக்கொண்டோம், அதுவும் இந்தக் காய்ச்சலாக இருக்கலாமாம். கடிதம் கிடைத்த அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் பச்சைப் பால் குடித்ததையும் கிட்னி கொடுத்ததையும் சொல், மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதே. உனக்கு இருப்பது ஒன்றுதான்.

ஹூரியா என்னிடம் சத்தியம் வாங்கப் பார்த்தாள். "நானும் அன்னிக்குத் திருட்டுத்தனமா ஒரு கிண்ணம் குடிச்சேன்னு அண்ணன்கிட்ட சொல்லுங்க வாப்பா. அண்ணன் குடுத்ததுலதான் வந்துச்சுன்னு தெரிஞ்சா அது தாங்காது" என்றாள். சரி என்றுதான் தலையாட்டினேன். ஆனால் இங்குள்ள டாக்டரம்மா உன் டாக்டருக்கு எழுதப் போகிறார், யாரோ ஒருவர் வாயிலிருந்து நீ கேட்பதைவிட என் கையெழுத்தில் படிப்பது மேல். நீ கொடுத்தது உன் உடம்பிலேயே நல்லதாகப் பார்த்துத்தான், அதோடு கூட வந்த காய்ச்சல் உன்னைக் கேட்டு வரவில்லை. இதைச் சொல்லத்தான் முடிகிறது, உன் மனசிலிருந்து எடுத்துப்போட எனக்கு வழியில்லை.

அல்லாஹ் உனக்கும் உன் பிள்ளைகளுக்கும் நீண்ட ஆயுளைத் தரட்டும், உன்னையும் ஹூரியாவையும் எங்கள் கண்ணெதிரே வைத்திருக்கட்டும். உம்மா நெற்றியில் முத்தம் தரச் சொன்னாள், கழுத்துத்துணி இல்லாமல் வெளியே போகாதே என்றாள்.

உன் வாப்பா,
லக்தர்

பி.கு. அவள் சொன்ன பொய்யைத்தான் எழுதினேன் என்று ஹூரியாவிடம் சொல்லப் போகிறேன். நீ அழைக்கும்போது, பால் குடித்ததற்காக அவளைத் திட்டு. அவள் நம்புகிற மாதிரி நன்றாகத் திட்டு.