இடது தோளில் இரட்டை மடிப்பு

மவுண்ட் ஆல்பர்ட்,
ஒக்லாந்து.
17.06.1987

அன்புள்ள மகள் வசந்தமலருக்கு,

அப்பா எழுதுவது. முருகன் துணையால் நானும் அம்மாவும் சுகம் என்று எழுதத்தான் பேனை எடுத்தேன், ஆனால் உன் சுகம் சரியாகத் தெரியாமல் எங்களுக்கு என்ன சுகம். இங்கே குளிர் தொடங்கிவிட்டது, இந்தப் பலகை வீட்டில் இடுக்கெல்லாம் காற்று, அம்மாவுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது, ஆனாலும் தையல் மெசினை விட்டு எழும்புகிறார் இல்லை. எல்லாம் நீ உன் ஆராய்ச்சிப் படிப்புக்கென்று கேட்ட அந்த ரோமாபுரிச் சிப்பாயின் உள்சட்டைக்காகத்தான். இரும்புக் கவசம் மிஞ்சிக் கிடக்கிறது, அதற்குள் போட்ட மெத்தைச் சட்டை மக்கிவிட்டது, எப்படி இருந்ததென்று ஒருவருக்கும் சரியாகத் தெரியாது, தைத்துப் போட்டு நடந்துதான் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். ஊரில் உள்ள பிள்ளைகள் கணக்கியல் படிக்க என் பிள்ளை செத்த சிப்பாய்க்குச் சட்டை தேடுகிறாள் என்று சிரித்துக்கொண்டுதான் ஒனிஹங்காவில் எங்கள் தொழிற்சாலையில் கழித்துப் போட்ட கம்பளித் துணியைக் கொண்டுவந்து கொடுத்தேன். அம்மாவின் பழக்கம் உனக்குத் தெரியும், புதுத்துணியை நனைத்துக் காயவிடாமல் கத்தரிக்கோல் வைக்கமாட்டார். ஊரில் வாங்கும் பருத்திச் சீத்தைத் துணி என்ற நினைப்பில் சுடுதண்ணீரில் ஊறப்போட்டுக் கும்மிவிட்டார், கம்பளி சுருங்கித் தடித்துப் போயிற்று, அழாக்குறை. நான் அதை மடித்துத் தோளில் போட்டு, கராஜில் கிடந்த சங்கிலியை மேலே வைத்துப் பார்த்தேன், உறுத்தவேயில்லை. இதிலேயே தையும் என்றேன்.

சிரிப்பு அதோடு சரி. போன கிழமை லண்டனிலிருந்து ஆனந்தராசா மாமா என் வேலைத்தலத்துக்குப் போன் எடுத்தார். நீ அந்த இரும்பை மெத்தைச் சட்டை இல்லாமல் வெறும் சேட்டின்மேல் போட்டுக்கொண்டு நடந்து விழுந்து, இடது தோளில் காறையெலும்பு வெடித்துவிட்டதாம், எங்களுக்குச் சொல்லக்கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கினாயாம், அடுத்த மாதம் திரும்பவும் நடக்கப் போகிறாயாம். அன்று முழுக்க எனக்கு வேலையில் கை ஓடவில்லை. எலும்பு பொருந்த முன்னம் இரும்பு சுமக்கவா உன்னை இங்கிலாந்துக்குப் பிளேன் ஏற்றினேன்? கோபம் ஒரு பக்கம், உனக்கு ஒரு வாய் தேத்தண்ணி வைத்துத் தர ஆளில்லையே என்ற துக்கம் ஒரு பக்கம். அம்மாவுக்குச் சொன்னால் பிரஷர் ஏறும் என்று வாயை மூடிக்கொண்டு சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

நேற்றுச் சட்டை முடிந்தது. பார்த்தால் இடது தோளில் மட்டும் இரட்டை மடிப்பு. ஏன் என்று கேட்டேன். அம்மா நீ கடைசியாக அனுப்பிய படத்தை எடுத்துக் காட்டினார். படத்துக்காகக் கையைத் தாங்கும் கட்டை அவிழ்த்திருப்பாய், ஆனால் இடதுகைக்காரி நீ தலைக்கவசத்தை வலது கையில் பிடித்திருக்கிறாய், தலைமயிரும் பின்னாமல் விரித்தபடி. “கை தூக்க ஏலுமெண்டால் அவள் தலை பின்னாமல் நிப்பாளே? நீங்கள் பயந்துபோவியள் எண்டுதான் நான் சொல்லேல்லை” என்றார். படம் வந்த அன்றே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

சட்டையைத் தபாலில் போட்டுவிட்டேன். உள்மூலையில் மஞ்சள் பூசியிருக்கிறது, பேராசிரியர் கேட்டால் ரோமர் வழக்கமில்லை, எங்கள் வழக்கம் என்று சொல், கழுவிவிடாதே. அடுத்த மாதம் வேறு யாராவது அதைப் போட்டு நடக்கட்டும். முருகன் உன்னைக் காப்பாற்றட்டும், நோய்நொடி இல்லாமல் நீ நெடுநாள் வாழவேண்டும். சுகம் என்று இனி எழுதாதே, நாங்கள் நம்பமாட்டோம். எலும்பு பொருந்தியதும் உன் கையாலேயே தலை பின்னிக்கொண்டு ஒரு படம் எடுத்து அனுப்பு.

உன் அன்பு அப்பா,
சோதிலிங்கம்