ஆய்வு நாளில் கடைசி பெஞ்சு

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையிலேயே புழுக்கம். தோல் பதனிடும் ஷாப் நெடி பள்ளி கேட் வரை. மோட்டார் மறுபடி ரிப்பேர், கழிப்பறைக்குக் குடத்தில் தண்ணீர்.

புதன்கிழமை வாசிப்பு ஆய்வு. ஆசிரியர் கூட்டத்தில் ஒன்றுதான் சொன்னேன்: தடுமாறும் பிள்ளைகள் யாரையும் வீட்டில் நிறுத்தக் கூடாது. தடுமாறட்டும், வருகிறவர்கள் பார்க்கட்டும். போன பள்ளியில் அந்தக் கூத்தைப் பார்த்துச் சலித்தாயிற்று. "கரெக்ட் எச்.எம்." என்று முதலில் சொன்னது ஸ்டெல்லா. ஆறாம் வகுப்பு அவளுடையது. பி.எட். காலத்துத் தோழி. வேலூரிலிருந்து தினமும் ஒரே பஸ்.

ஸ்டெல்லா வகுப்பு நஸ்ரின் இன்றும் மணிக்கு முன்பே என் அறையில். அம்மாவோடு உட்கார்ந்து ஷூவுக்கு மேல்தோல் தைத்துக்கொண்டிருந்தவள். ஜூனில் வீட்டுக்குப் போய்ப் பேசித் திரும்ப வரவழைத்தேன். காலையில் அரை மணி, கடைசி பெஞ்சு பிள்ளைகளுக்கு மட்டும் வாசிப்பு. இன்று ஒரு பத்தியை முழுதாக முடித்தாள். ஊசி குத்திக் காய்த்த விரலை வரியில் வைத்து, அங்கங்கே நின்று.

"ஆபீசர் முன்னாடி நான் படிக்கட்டா பெரிய மிஸ்?"

"நீதான் படிக்கணும்."

ஆகஸ்ட் 6, புதன்

ஆய்வு முடிந்தது. நல்லபடியாக. ஆறாம் வகுப்பு கடகடவென்று வாசித்தது. கடைசி பெஞ்சு காலி. நஸ்ரினும் இல்லை. "ஃபீவர் சுத்துது எச்.எம்., வீட்ல சொல்லி அனுப்சாங்க" என்றாள் ஸ்டெல்லா. பாவம், அத்தனை ஆசையாக இருந்தாள்.

ஆய்வுக்கு வந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த ஏரியாவுல இப்படி ஒரு ஸ்கூலா மேடம்!" சந்தோஷம். மறைப்பானேன். பஸ்ஸில் ஸ்டெல்லாவுக்கு ஜன்னல் சீட், வேர்க்கடலை.

நாளை: மோட்டார்காரர். முட்டை பில். நஸ்ரினுக்கு ஆரஞ்சு.

ஆகஸ்ட் 7, வியாழன்

காய்ச்சல் இல்லை.

நஸ்ரின் வீட்டு வாசலில் அம்மாவோடு தைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் நிமிரவில்லை. அவள் அம்மா ஷகிலாதான் பேசினாள்.

"இன்னா மேடம், நீங்கதான வராதன்னு சொல்லி அனுப்சீங்க? ஸ்டெல்லா டீச்சர் கேட்ல நிக்க வெச்சி சொன்னாங்களாம், எச்.எம். சொல்லிட்டாங்க, நாளைக்கு நீங்கல்லாம் வர வேணாம்னு. யூனிபார்ம அப்பவே தொவச்சி மடிச்சி மெத்தைக்கு அடியில வெச்சிருந்தா மேடம் இவ."

என் பேரைச் சொல்லி.

நான் சொல்லவில்லை என்றேன். ஷகிலா தலையாட்டினாள், கடன்காரனுக்கு ஆட்டுவது மாதிரி. ஆரஞ்சு பையிலேயே வீட்டுக்கு வந்துவிட்டது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மதியம் ஸ்டாஃப் ரூமில் எல்லார் முன்னாலும் கேட்டேன். கணக்கு டீச்சர் உடனே போனை எடுத்துப் பார்த்தார். மற்றவர்கள் டிபன் பாக்ஸில் முகம். அப்போதுதான் புரிந்தது. எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது.

ஸ்டெல்லா கதவோரம் இழுத்துப் போனாள். "உனுக்காகத்தான்டி பண்ணேன். போன வருஷம் மீட்டிங்ல, பசங்க படிக்கலன்னு அந்த எச்.எம்.ம நிக்க வெச்சி கேட்டாங்களே, மறந்துட்டியா? உன்ன அப்டி பாக்க என்னால முடியாது."

"என் பேரை ஏன்டி சொன்னே?"

"நான் சொன்னா கேக்குமா அதுங்க? உன்னத்தான நம்புதுங்க."

அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை.

வட்டார அலுவலருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். மறுபடி வந்து அந்தப் பிள்ளைகளையும் வாசிக்கச் சொல்லிப் பாருங்கள் என்று கேட்டேன். "ரிப்போர்ட் போயிடுச்சி மேடம். நல்ல பேரு வந்துருக்கு. நீங்களே ஏன் பேஜார் பண்ணிக்கிறீங்க?"

ஸ்டெல்லா ஏறிய பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததில் வந்தேன். பக்கத்து சீட்டில் யாரோ, மடியில் கோழி. அது பரவாயில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

தூறல். மோட்டார் ஓடுகிறது.

மணிக்கு முன்பே வந்து நின்றாள் நஸ்ரின். வரமாட்டாள் என்றே நினைத்திருந்தேன். கடைசி பெஞ்சு முழுக்க வந்திருந்தது. அவர்களிடம் சொன்னேன்: அது நான் சொன்னது இல்லை, இனி யார் சொன்னாலும் வாங்க. ஸ்டெல்லா பெயரைச் சொல்லவில்லை. அவள் வகுப்புக்குள்தான் அவர்கள் போக வேண்டும்.

"சரி மிஸ்." எல்லாரும் ஒரே குரலில், வருகைப் பதிவுக்குச் சொல்வது போல.

பிறகு நஸ்ரின் அந்தப் பத்தியையே வாசித்தாள். இந்த முறை எங்கும் நிற்கவில்லை. விரல்கூட வைக்கவில்லை. புத்தகத்தை மூடிவிட்டு, எனக்கு ஏதோ உதவி செய்கிறவள் மாதிரி மெதுவாகச் சொன்னாள்:

"அடுத்த தபா ஆபீசர் வராங்கன்னா எனக்கு முன்னாடியே சொல்லிடுங்க பெரிய மிஸ். நானே வீட்ல நின்னுக்கிறேன்."