மூன்று முறை ஆதரித்த மசோதாவும் என் மகள் தங்களிடம் கேட்ட கேள்வியும்

அனுப்புநர்
மார்லிஸ் டோர்க்கல்சன்,
இரண்டாம் வகுப்பு ஆனிக்காவின் தாய்,
மில் சாலை, லூன் பென்ட்,
மின்னசோட்டா.

பெறுநர்
மாண்புமிகு கென்டல் பிராட்டன் அவர்கள்,
பிரதிநிதிகள் சபை உறுப்பினர்,
வாஷிங்டன்.

பொருள்: சிறப்புக் கல்விக்கு முழு நிதி வழங்கும் மசோதாவைத் தாங்கள் ஆதரித்து வருவதும், அந்த ஆதரவு எங்கள் பள்ளிக்கு இன்னும் வந்து சேராததும் தொடர்பாக.

மதிப்புமிகு ஐயா,

வணக்கம். தங்களுக்கு நான் எழுதும் மூன்றாவது மனு இது. முந்தைய இரண்டுக்கும் பதில் வந்தது. மசோதாவுக்குத் தாங்கள் அளிக்கும் ஆதரவுக்கு நான் அளிக்கும் ஆதரவுக்காக நன்றி சொல்லியிருந்தீர்கள். இரண்டும் ஒரே அச்சு, ஒரே புகைப்படம். பதிலே போடாதவர்களும் உண்டு என்பதால் அதைக் குறையாகச் சொல்லவில்லை.

1. என் மகள் ஆனிக்காவுக்குக் காது கேட்காது. வகுப்பில் ஆசிரியர் பேசுவதைச் சைகை மொழியில் அவளுக்கும், அவள் சொல்வதை மற்றவர்களுக்கும் எடுத்துச் சொல்பவர் திருமதி டெலோரிஸ் ராண்டா. அவர் வருவதற்கு முன் கடைசி வரிசையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தவள் இவள். போன மாதம் ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, "உங்க பொண்ணு பாடம் நடக்கிறப்ப கையாலேயே வாயடிக்கிறா" என்று புகார் சொன்னார். அந்தப் புகாரை நினைத்து நானும் என் கணவரும் சந்தோஷத்தில் அழுதோம்.

2. இத்தகைய குழந்தைகளுக்கு ஆகும் கூடுதல் செலவில் நாற்பது விழுக்காடு வரை தருவதாகக் கூட்டாட்சி அரசு சொன்னது நான் பிறப்பதற்கு முன். அதில் பாதிகூட வந்ததில்லை. மீதியைக் கொடுக்கச் சொல்லும் மசோதாவில் தாங்கள் மூன்று முறை ஆதரவுக் கையெழுத்திட்டீர்கள். மூன்று முறையும் கல்விக் குழுவுக்குள் போய் அது கிணற்றில் போட்ட கல்லாயிற்று. அந்தக் குழுவில் தாங்களும் ஓர் உறுப்பினர் என்பது போன வாரம்தான் எனக்குத் தெரிந்தது. அதை விவாதத்துக்கு எடுக்கும்படி தாங்கள் ஒருமுறைகூடக் கேட்டதில்லை என்பதைத் தங்கள் அலுவலகத்தில் தொலைபேசியை எடுத்த பெண்ணே சொன்னார். நல்ல பெண். அவரைக் கடிந்துகொள்ள வேண்டாம்.

3. மார்ச் மாதம் எங்கள் பள்ளிக்கு வந்து, "எல்லாம் எப்படிப் போகுது?" என்று கேட்டீர்கள். பள்ளி நிர்வாகி திரு. ஹியூபர்ட் நீமி, "ஏதோ போகுதுங்க, குறைன்னு சொல்ல ஒண்ணுமில்ல" என்றார். லூன் பென்ட் பள்ளி நன்றாக நடக்கிறது என்று மறுநாள் செய்தித்தாளில் தாங்கள் சொல்லியிருந்தீர்கள். பணமில்லாததால் திருமதி ராண்டாவின் பணியிடத்தை ஜூனோடு நீக்குவதென்று பள்ளி வாரியம் அதற்கு முந்தைய வாரமே முடிவு செய்துவிட்டது. ஐயா, தாங்கள் நகரத்தில் வளர்ந்தவர். இங்கே விருந்தாளியிடம் குறை சொல்வது மரியாதைக் குறைவு. காப்பி வேண்டுமா என்று மூன்று முறை கேட்டால்தான் எங்கள் ஊரில் ஒருவர் கோப்பையை நீட்டுவார். தாங்கள் ஒரு முறைதான் கேட்டீர்கள்.

4. அன்று ஆனிக்கா தங்கள் முன்னால் வந்து கைகளால் ஏதோ சொன்னாள். "நீங்க வந்ததுல அவளுக்கு ரொம்ப சந்தோஷமாம்" என்றார் திருமதி ராண்டா. தாங்கள் சிரித்தபடி அவள் தலையைத் தடவினீர்கள். புகைப்படம் எடுத்தார்கள்.

அவள் சொன்னது அதுவல்ல. "மூணாம் வகுப்புக்கும் இவங்க என்கூட வருவாங்களா?" என்று கேட்டாள். தன் வேலைக்குத் தானே சிபாரிசு கேட்பது போலாகிவிடும் என்று கூசி, திருமதி ராண்டா மாற்றிச் சொல்லிவிட்டார். "ஒருநாளும் அவ வார்த்தைய மாத்தினதில்ல மார்லிஸ். அன்னிக்கு எனக்கு வாய் வரல" என்று பிறகு வண்டிகள் நிற்கும் இடத்தில் என்னிடம் சொல்லி அழுதார். அன்று தங்கள் பக்கத்தில் நின்ற எனக்கும் சைகை தெரியும். நானும் இந்த ஊர்க்காரிதான், வாயைத் திறக்கவில்லை.

தாங்கள் சிரித்துத் தலையைத் தடவியதைச் சம்மதம் என்று அவள் நம்பிக்கொண்டிருக்கிறாள். மூன்றாம் வகுப்பு அறையில் திருமதி ராண்டாவின் நாற்காலியை எந்த ஜன்னலோரம் போடுவது என்றுகூட முடிவு செய்துவிட்டாள். அவரோ வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டிருக்கிறார்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது, ஐயா. ஆகவே அடுத்த குழுக் கூட்டத்தில் தாங்கள் எழுந்து, இந்த மசோதாவை எடுத்துக்கொள்ளுங்கள் என்று வாய்விட்டுக் கேட்குமாறு வேண்டுகிறேன். அது நிறைவேறிவிடும் என்று நம்புவதற்கு எனக்குத் தெம்பில்லை. தாங்கள் கேட்டீர்கள் என்று தெரிந்தால், வாரியத்திடம் போய் இன்னும் ஓர் ஆண்டு பொறுக்கச் சொல்ல எங்களுக்கு ஒரு பிடி கிடைக்கும்.

அதுவும் இயலாது என்றால், தயவுசெய்து எனக்கு அச்சுக் கடிதம் அனுப்ப வேண்டாம். தங்கள் கைப்பட ஆனிக்காவுக்கு ஒரு வரி எழுதுங்கள்: "அவர் வரமாட்டார்." அவள் நன்றாகப் படிப்பாள். அதை அவளிடம் சொல்ல எங்கள் வீட்டில் யாருக்கும் கை எழவில்லை.

இடம்: லூன் பென்ட்
நாள்: ஏப்ரல் 22

இன்னும் கொஞ்சம் பொறுமை மீதமுள்ள,
மார்லிஸ் டோர்க்கல்சன்