ஆழ்துளைக் கிணற்றில் எண்ணெய் வாடை

பிப். 12, வியாழன்

காலையிலேயே வெயில். மல்லாங்கிணறு பக்கம் ஒரு காலனி. கொண்டுபோனவை: மண் துளைக்கும் கைக்கருவி, கண்ணாடிப் பாட்டில் 12, ஐஸ் பெட்டி, கையுறை. தொப்பியை மறந்தாயிற்று.

விஷயம் இது. போன ஐப்பசி மழையில், கச்சா எண்ணெய் ஏற்றி வந்த டேங்கர் லாரி ரோட்டோரத் தரிசுக் காட்டில் கவிழ்ந்தது. லாரிக் கம்பெனி மேல்மண்ணைக் கொஞ்சம் அள்ளிப்போனதோடு சரி. இப்போது இருநூறு மீட்டர் தள்ளி, நாற்பது வீட்டுக்குத் தண்ணீர் தரும் ஆழ்துளைக் கிணற்றில் எண்ணெய் வாடை. பேரூராட்சி கிணற்றை நிறுத்திவிட்டது. எண்ணெய் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று பார்த்துச் சொல்வது எங்கள் ஆய்வுக்கூடத்தின் பொறுப்பு. அதாவது என் பொறுப்பு.

அங்கே தினமும் மோட்டார் போடுகிறவர் பாண்டியம்மாள் அக்கா. பட்டாசுக் கம்பெனியில் வேலை. எங்களுக்காக இன்று லீவு.

"தண்ணி லாரி ஏழு மணிக்கு வருது மேடம். கம்பெனி வேனும் ஏழு மணிக்குத்தான். தண்ணியப் பிடிச்சா வேன் போயிருது, வேனப் பிடிச்சா வீட்ல சொட்டுத் தண்ணி இல்ல."

நிறுத்திய கிணற்றைச் சாம்பிளுக்காக மட்டும் ஓட்டினோம். பாட்டிலில் வானவில் மாதிரி படலம். மோந்து பார்த்ததுமே, "லாரி எண்ணெதான் போல" என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது.

பிப். 13, வெள்ளி

லாரி கவிழ்ந்த இடம். எங்கள் ஆய்வுக்கூட வண்டிக்கு செல்வம் அண்ணன்தான் டிரைவர், தோண்டுவதும் அவரே. ஏழு குழி. கரிசல், மேலே பாளம் பாளமாக வெடிப்பு, உள்ளே இரும்பு. அண்ணன் கையில் கொப்புளம்.

முதல் அடி: கறுப்பு, பிசுபிசுப்பு, தலைவலிக்கும் வாடை.
2: வாடை.
3: லேசாக.
4: வெறும் மண் வாசம். அதற்குக் கீழே சுண்ணாம்புச் சுக்கான் பாறை.

கிணற்றுப் பக்கமாகத் தோண்டிய மூன்று குழியில் ஒன்றுமே இல்லை. மண்ணைத் தண்ணீரில் போட்டுக் குலுக்கியும் படலம் வரவில்லை. மழையில் கவிழ்ந்தது நல்லதாயிற்று. கரிசல் ஊறி, வெடிப்பெல்லாம் மூடியிருந்திருக்கும். கோடையாக இருந்தால் எண்ணெய் நேரே கீழே போயிருக்கும்.

சந்தோஷம்தான். ஆனால் கிணற்றில் இருப்பது பின்னே எது?

டீக்கடையில் ஒருத்தர்: "அந்தம்மாவே சொல்லிருச்சுல்ல, லாரி எண்ணெதான்னு." என் முதுகுக்குப் பின்னால். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

பிப். 17, செவ்வாய்

சோதனை முடிவு. மண்ணில் இருப்பது கச்சா எண்ணெய். கிணற்றில் இருப்பது அது இல்லை.

கச்சா எண்ணெய் என்றால் பெட்ரோல் போல் லேசானதிலிருந்து தார் போல் கனமானது வரை எல்லாம் கலந்திருக்கும். கிணற்றுத் தண்ணீரில் ஓரளவு கனமானது மட்டும். மெஷினுக்கு ஊற்றுகிற எண்ணெய். மறுபடி பார்க்கச் சொன்னேன். அதேதான்.

நோன்பு வருகிறது. உம்மா சொன்ன சாமான்: பேரீச்சை, கஞ்சிக்குப் பச்சரிசி, கடல்பாசி. மூன்றையும் மறந்தேன்.

பிப். 20, வெள்ளி

இரண்டாம் நோன்பு. மறுபடி காலனி. பாண்டியம்மாள் அக்கா இன்றும் லீவு.

"காப்பி போடவா மேடம்?"

"நோன்பு வச்சிருக்கேன்க்கா."

"தண்ணி கூடவா? இந்த வெயில்லயா? நெழல்லயாவது உக்காருங்க."

அந்தக் கிணற்றுக்குள் மோட்டார் கிடையாது. மேலே கொட்டகையில் ஒரு பழைய கம்ப்ரசர். குழாய் வழியாகக் காற்றை உள்ளே அடிக்கும், காற்று தண்ணீரைத் தூக்கிவரும். எண்ணெய் எப்போதெல்லாம் ஊற்றுவீர்கள் என்று கேட்டேன்.

"முன்ன மாசத்துக்கு ஒருக்கா. தீவாளிக்கப்புறம் வாரா வாரம் கொறையுது. நானும் ஊத்திக்கிட்டேதான் இருக்கேன்."

"கீழ எங்கயும் ஒழுகுதா?"

"ஒரு சொட்டு இல்ல. நாந்தான தொடைச்சு வைக்கிறேன்."

வெளியே ஒழுகாத எண்ணெய் எங்கே போகும்? காற்றுக்குழாயைக் கழற்றி, முனையில் வெள்ளைத் துணி கட்டி ஐந்து நிமிடம் ஓட்டினோம். துணியில் மஞ்சள் திட்டு. கம்ப்ரசருக்குள் பிஸ்டன் வளையம் தேய்ந்து, காற்றோடு எண்ணெயும் கிணற்றில் இறங்கியிருக்கிறது.

நான் விளக்குவதற்கு முன்பே அவருக்குப் புரிந்துவிட்டது.

"அப்ப நான் ஊத்துனதத்தான் எல்லாரும் குடிச்சாங்களா?"

மெஷின் தேய்ந்தது உங்கள் தப்பு இல்லை என்றேன். காதில் விழுந்த மாதிரி இல்லை. துணியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிப். 22, ஞாயிறு

பட்டாசுக் கம்பெனி லீவு. சமுதாயக்கூடத்தில் எல்லோரும். முதலில் என் தப்பு: அன்றைக்கு அவசரப்பட்டு லாரி எண்ணெய் என்று சொன்னேன், அது சரியில்லை. முணுமுணுப்பு. லாரிக்காரரிடம் காசு வாங்கினாயா என்று ஒருத்தர் நேராகவே கேட்டார். மண்ணில் எடுத்தது ஒன்று, கிணற்றில் எடுத்தது ஒன்று, இரண்டு பாட்டிலையும் தூக்கிக் காட்டினேன். காட்டில் கிடக்கிற எண்ணெய் லாரிக் கம்பெனி பொறுப்புதான், ரிப்போர்ட்டில் எழுதுவேன். மண்ணைக் கிளறி, உரமும் ஈரமும் கொடுத்தால் மண்ணில் இருக்கிற நுண்ணுயிரே தின்றுவிடும், ஒரு வருடம் ஆகலாம். ஆனால் நிலத்தடித் தண்ணீர் தப்பிவிட்டது. கிணற்றில் இருப்பது கம்ப்ரசர் எண்ணெய், இறைத்துக் கழுவினால் போகும்.

யார் பெயரையும் சொல்வதாக இல்லை. பாண்டியம்மாள் அக்கா தானாகவே எழுந்தார்.

"எண்ணெ ஊத்துனது நாந்தான். எனக்குத் தெரியல."

பிறகு பின்னாலிருந்து, பிள்ளையை மடியில் வைத்திருந்த ஒரு பெண்:

"நீ விடியமுன்ன எந்திரிச்சு ஊத்தலன்னா எங்களுக்குத் தண்ணியே வந்திருக்காதுல்ல. உக்காரு மதினி."

உட்கார்ந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார். நானும் பையில் எதையோ தேடினேன்.

பிப். 27, வெள்ளி

கம்ப்ரசரைக் கழற்றியாயிற்று. பேரூராட்சி புது நீர்மூழ்கி மோட்டார் இறக்கியது, முடிவு வரும்வரை வீட்டுக் குழாய்களுக்குப் போகும் வால்வை அடைத்துவைத்தது. மூன்று நாளாக இறைத்து, மிதந்த எண்ணெயைத் தனியாக எடுத்தாயிற்று. புது சாம்பிள். மோந்து பார்த்தேன். யார் கேட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் 5, வியாழன்

11 மணிக்கு முடிவு வந்தது. உடனே பாண்டியம்மாள் அக்காவுக்குப் போன். ஸ்விட்ச் ஆஃப். பட்டாசுக் கம்பெனிக்குள் போன் கொண்டுபோக முடியாதே. பகல் முழுக்க வேலை ஓடவில்லை. ஒரு பாட்டில் உடைந்தது.

மாலை ஆறேகாலுக்கு அவரே கூப்பிட்டார். வேனை விட்டு இறங்கி நடக்கிற மூச்சு.

"சொல்லுங்க மேடம்."

"எண்ணெ இல்லக்கா. துளி கூட இல்ல."

நடை ஓட்டமாகிற சத்தம்.

"அப்ப மோட்டாரப் போட்டு வால்வத் தொறந்துறவா?"

"தொறங்க."

போனை அணைக்காமலே போய்விட்டார். யாரையோ கூப்பிடும் குரல். இரும்பு திருகுகிற சத்தம். குழாய் முதலில் காற்றைத் துப்பியது, பிறகு தண்ணீர். உம்மா நோன்புக் கஞ்சிக்குக் கூப்பிட்டாள். இதோ வருகிறேன் என்று சொல்லிவிட்டு, போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.