சமையல் மேடை யார் உயரத்துக்கு?

அன்பு மகனுக்கு,

நீ வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, சுகமாக இருப்பாய் என்ற நம்பிக்கையில் இதைத் தொடங்குகிறேன். இங்கே அப்பா, நான், உன் தங்கை மூவரும் சுகம். என் வலது மணிக்கட்டு மட்டும் கொஞ்ச நாளாக என்னோடு கோபித்துக்கொண்டிருக்கிறது. கையெழுத்து மாறியிருக்கிறதே என்று பதறாதே, பிசகித்தான் போயிருக்கிறது, எலும்புக்கு ஒன்றும் இல்லை என்று டாக்டர் படம் எடுத்துப் பார்த்துச் சொல்லிவிட்டார். நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். நான் வாய்க்கு வந்தபடி சொல்வதை அவள் புத்தகத் தமிழாக்கிவிடுகிறாள், ஏண்டி இப்படி என்றால், கடிதம்னா ஒரு மரியாதை வேண்டாமாம்மா என்கிறாள். போனிலேயே பேசலாம்தான், ஆனால் போனில் நீ சரிம்மா சரிம்மா என்று எனக்கு முன்னால் ஓடிப்போய் முடிவில் நிற்கிறாய். இது நீ குறுக்கே பேசாமல் முழுதாகக் கேட்க வேண்டிய விஷயம். சமையலறையைப் புதுப்பிக்க நீ அனுப்புகிறேன் என்ற பணத்தை அனுப்பாதே. ஏன் என்று சொல்கிறேன்.

வீட்டை விற்பதில் எனக்கு வருத்தம் இல்லை. அப்பாவின் முழங்காலுக்கு இந்த மாடிப்படி இனி ஆகாது, பார்த்து வைத்திருக்கும் சின்ன வீடு தரைத்தளம், உன் தங்கையின் பள்ளிக்கூடமும் பக்கம். இது விற்றால்தான் அதை வாங்க முடியும், அந்த வீட்டுக்காரரும் எவ்வளவு நாள்தான் பொறுப்பார். வீட்டுத் தரகரோ வரும்போதெல்லாம் ஒரே பாட்டு. ஹாலைப் பாக்கறாங்க சிரிக்கறாங்க, கிச்சனைப் பாக்கறாங்க மூஞ்சி சுருங்குது, உடைச்சுப் புதுசா போடுங்கம்மா, வீடு கையில நிக்காது என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. நீல டைல்ஸில் நாலு மட்டும் வேறு நீலம், சிங்குக்குக் கீழே கதவு ரப்பர் பேண்டில் நிற்கிறது, அடுப்புக்கு மேலே சுவரில் புகை படிந்து ஒரு யானைத் தலை. நீயும் அங்கிருந்து பளபளவென்று படங்களாக அனுப்பிக்கொண்டே இருந்தாய். அப்பாவுக்கு ஒரே உற்சாகம், விக்கிற மாட்டைக் குளிப்பாட்டாம சந்தைக்கு யாராவது ஓட்டுவாங்களா என்று கேட்டார். நானும் தலையாட்டினேன். ஆனால் உள்ளுக்குள் வேறு ஒன்று ஓடியது, சொல்ல வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷமாக நான் அந்த மூலையை மாற்றுங்கள் என்று கேட்டபோதெல்லாம் உன் படிப்பு வந்தது, கூரை ஒழுகியது, அப்பாவின் வண்டி நின்றுபோனது. எனக்கு வராத சமையலறை, முகம் தெரியாத ஒருத்திக்கு இவ்வளவு வேகமாக வருகிறதே என்று வயிறு எரிந்தது. அவள் யாரென்றே தெரியாது, அவள் மேல் பொறாமை.

தச்சர் வந்து டேப்பை இழுத்து, மேடை என்ன உயரம் வேணும் என்று கேட்டார். அப்பா நிமிர்ந்து நின்று, என்னை வெச்சு அளந்துக்குங்க என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. இந்த வீடு கட்டும்போதும் கொத்தனார் இதே கேள்வி கேட்டார், அப்பா இதே இடத்தில் நின்று இதையேதான் சொன்னார். அன்றைக்கு நான் உன்னைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தேன். (அண்ணா, இது நான். அப்பா இந்த முறை நெஞ்சைக் கூட விரித்துக்கொண்டார். தச்சர் மேடைக்கு அளவு எடுக்கிறாரா, சட்டைக்கா என்று எனக்குச் சந்தேகமாகிவிட்டது.) உடைப்பதற்கு முன்னால் மேல் அலமாரியைக் காலி செய்யலாமென்று நான் என் பலகையில் ஏறி நின்றேன். சிங்குக்கு முன்னால் எப்போதும் கிடக்குமே, நீ சின்ன வயதில் அதைக் கவிழ்த்துப் போட்டு படகு ஓட்டுவாயே, அதுதான். அடியில் ஒரு பக்கக் கட்டை விட்டுப்போயிருந்தது தெரியவில்லை, சாய்ந்தது, கையை ஊன்றிவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போது அப்பா கேட்டார், தரை சில்லுனு இருக்குன்னு போட்ட பலகை மேல ஏறி ஏன் சாமான் இறக்கினே என்று. எனக்கு வலியிலும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தரை சில்லுனு யாருங்க சொன்னா, மேடை எனக்கு எட்டாதுங்க என்றேன். அவர் நம்பவில்லை. இத்தனை காலமும் நான் பாதம் குளிராமலிருக்கத்தான் பலகை போட்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். உன் தங்கையும் அப்படித்தானாம். நீ என்ன நினைத்தாய் என்று உண்மையாக எழுது. வீட்டுக்கு வந்ததும் பலகையைத் தள்ளிவிட்டு என்னைத் தரையில் நிற்கச் சொன்னார். நல்ல கையால் காய் நறுக்குவது மாதிரி காட்டினேன். முழங்கை கோழி இறக்கையாட்டம் தூக்கிக்கிட்டு நிக்குதே என்றவர், மேடை விளிம்பில் சாண் வைத்து அளந்து பார்த்தார். நீங்க கேட்கல, நானும் சொல்லல என்று நானே சமாதானம் சொல்ல வேண்டியதாயிற்று. மனதில் இருந்த பொறாமையையும் அப்போதுதான் கொட்டினேன். கேட்டுக்கொண்டே இருந்தவர் போனை எடுத்துத் தச்சரை வரவேண்டாம் என்றார். நம்மகிட்ட இருக்கறது ஒரு சமையலறைக்குத்தான் காணும், அது நீ நிக்கப்போற வீட்டுல இருக்கட்டும் என்றார்.

தரகர் குதித்தார், அப்புறம் என்னைக் குறை சொல்லப்படாது என்று. யானைத் தலைக்கு மட்டும் சுண்ணாம்பு அடித்தோம், ரப்பர் பேண்டுக்குப் பதில் கீல் போட்டோம். வந்து பார்த்த இரண்டு குடும்பம் மூஞ்சியைச் சுருக்கிக்கொண்டு போனது. என் பொறாமையால் எல்லோருக்கும் நஷ்டமா என்று பயந்துபோய் உனக்கே போன் போட்டுப் பணம் கேட்கலாமா என்றுகூட நினைத்தேன். அதற்குள் மூன்றாவதாக ஒரு விளையாட்டு ஆசிரியையும் அவள் கணவரும் வந்தார்கள். இருவரும் நெட்டை, அவர் வாசற்படியில் தலையைத் தாழ்த்திக்கொண்டு வந்தார். வீட்டில் சமையல் அவர்தானாம். (அண்ணா, அவர் டைல்ஸைப் பார்க்கவே இல்லை. இரண்டு உள்ளங்கையையும் மேடையில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார், ரொம்ப தூரம் நடந்து வந்தவர் உட்கார்ந்த மாதிரி இருந்தது.) இங்க வந்து பாரு, இடுப்பு நிமிந்து நிக்குது என்று மனைவியைக் கூப்பிட்டார். வாடகை வீடுகளில் குனிந்து குனிந்து முதுகே கேள்விக்குறியாகிவிட்டதாம். போகும்போது என்னிடம், டைல்ஸ் கலர் நாங்க மாத்திக்கறோம், மேடையில மட்டும் தயவுசெஞ்சு கை வெச்சுடாதீங்கக்கா என்று கேட்டுக்கொண்டார். தச்சர் வந்திருந்தால் அதைத்தானே முதலில் உடைத்திருப்போம். வாக்குக் கொடுத்துவிட்டார்கள், அடுத்த வாரம் பத்திர எழுத்து. அவர்கள் தெருமுனை திரும்பவில்லை, அப்பா என்னைப் பார்த்து, என்னை வெச்சு அளந்தது வீண் போகல பாத்தியா என்றார். உங்களை மாதிரியே ஒருத்தர் வந்து மாட்டினார், அவ்வளவுதான் என்றேன். நான் பொறாமைப்பட்டவள் கடைசியில் ஒரு நெட்டை மனிதராக வந்து நின்றாரே என்று எனக்கு இன்னும் சிரிப்பு.

நேற்றுப் புது வீட்டுக்குப் போய் அளவு எடுத்தோம். அப்பாவே பென்சிலை வாங்கிக்கொண்டு என் முழங்கைக்குக் கீழே சுவரில் கோடு போட்டார். (அம்மா கொஞ்சம் நுனிக்காலில் நின்றாள் அண்ணா! குதிகாலை இறக்கு, இங்க யாருக்கும் பொண்ணு பாக்கல என்றார் அப்பா.) கோடு நான் நினைத்ததைவிடக் கீழேதான் இருக்கிறது, இருக்கட்டும். பழைய பலகையை நான் எறியச் சொன்னேன், அப்பா அதற்கு நாலு குட்டைக் கால் அடித்துக்கொண்டிருக்கிறார், புது மேடையில் அவர் குனிந்து நின்றால் இடுப்பு போய்விடும், அதனால் உட்கார்ந்து காய் நறுக்கப்போகிறாராம்.

ஆகவே உன் பணத்தை உன்னிடமே வைத்துக்கொள், ஜன்னலில் காற்று வரும் ஒரு நல்ல அறைக்கு மாறு, இரவில் பிரெட்டைத் தின்றுவிட்டு வயிறு நிறைந்தது என்று எனக்குக் கணக்குக் காட்டாதே. உன் தலைக்கு மேல் எப்போதும் நல்ல நிழலும் காலுக்குக் கீழே ஆடாத தரையும் இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். விடுமுறைக்கு டிக்கெட் எடுக்க மறந்துவிடாதே. இன்னொன்றும் ஞாபகம் வைத்துக்கொள், நீ அப்பா உயரம், சிங்க் என் உயரம். இங்கே வந்தால் நீ குனிந்துதான் பாத்திரம் கழுவ வேண்டும், நான் பக்கத்தில் நேராக நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

உன் வரவை எண்ணியிருக்கும்,
அம்மா

(கையெழுத்து அம்மாவே இடது கையால் போட்டது. கோணலாக இருக்கிறது, திருத்தட்டுமா என்றேன், கூடாதாம்.)